சோறு போடாத வீடு

“சோறு போடாத வீட்டுல பொண்ணு எடுக்கிறதா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும்...”

“கொஞ்சம் மெதுவா பேசேன் இருதயம், கடையே திரும்பிப் பார்க்...”

“பார்க்கட்டுமே! ஏங்க, இங்க இன்னும் கொஞ்சம் சோறு வைங்க.”

திருத்துறைப்பூண்டி பஸ் நிலையத்தை ஒட்டிய மெஸ். இலையில் குவிந்த சோற்றின் நடுவே குழி பறித்து, சாம்பாருக்கு இடம் செய்தாள் இருதயம்மாள். வேதாரண்யத்தில் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு, அவளும் கணவர் குழந்தைராஜும் தஞ்சாவூருக்குத் திரும்பும் வழி. தோகாவில் வேலை பார்க்கும் கிளாட்சனுக்கு சான்ட்ராவைப் பிடித்துப்போய்விட்டது. அம்மா சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அம்மாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது, சாப்பிட உட்காரும் வரை.

“வஞ்சிரம் வச்சாங்க, நண்டு வச்சாங்க, முட்டை, முட்டைக்கோஸு எல்லாம் வச்சாங்க. சோத்தை மட்டும் காணோம்! நம்ம பக்கம் சோறு வைக்காம அனுப்பினா என்னங்க அர்த்தம்? உங்க சம்பந்தம் வேணாம்னு அர்த்தம்.”

“அவங்களும்தான் சோறு சாப்பிடல. வீட்டோட டயட்டுன்னு பொண்ணோட அப்பா ஆண்டனி சொன்னாரே.”

“டயட்டாம் டயட்டு! பேலியோவுல பருப்பு ஆகாது, கீட்டோவுல உண்டுங்குறாரு. கொஞ்ச நேரத்துல மாத்திச் சொல்றாரு. ரெண்டுல எது ஒசத்தின்னு கேட்டேன், மக மூஞ்சியைப் பார்த்து முழிக்கிறாரு. இதுல அந்த மனுஷன் தொப்பை மேசையைத் தள்ளுது! சோறு திங்காம வந்த தொப்பையா அது?”

குழந்தைராஜுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“வெண்ணாத்துத் தண்ணியில விளைஞ்ச சோத்தைத் தின்னு வளர்ந்த உடம்பு இது. எனக்கு என்ன வந்துடுச்சு?” என்றாள் இருதயம்மாள்.

“குதிகால்ல புண்ணு வந்திருக்கே. ஈஸ்டருக்கு வந்தது. ஐப்பசி மழையே ஆரம்பிச்சாச்சு, இன்னும் ஆறல.”

“அது செருப்புக் கடி. பேச்சை மாத்தாதீங்க.” டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, அவருடைய டம்ளரையும் எடுத்துக்கொண்டாள். “போனைப் போடுங்க. இப்பவே வேணாம்னு சொல்லிடறேன்.”

“கிளாட்சன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“அவனுக்கு என்ன தெரியும்? பெத்தவளைப் பட்டினி போட்டு அனுப்பியிருக்காங்க!”

வலது கை சோற்றில் இருந்தது. இடது கையால் தானே ஆண்டனியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். எடுத்தது சான்ட்ரா.

“அத்தை! வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டீங்களா?”

“அத்தை கித்தைன்னு கூப்பிடாத. உங்கப்பாகிட்ட சொல்லிடு, ஒரு பிடி சோறு வைக்க மனசில்லாத வீட்டுல எங்களுக்குச் சம்பந்தம் வேணாம். பேலியோ மாப்பிள்ளை, கீட்டோ மாப்பிள்ளைன்னு எவனாவது கிடைப்பான், பார்த்துக்கச் சொல்லு.”

அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பேசினாள்.

“அப்பாவுக்கு டயட்டுன்னா என்னன்னே தெரியாது அத்தை. நேத்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன், பாவம், எல்லாத்தையும் குழப்பிட்டாரு. அவங்கதான் தோகாவுலேருந்து போன் பண்ணிச் சொன்னாங்க. அம்மா சர்க்கரை மாத்திரையை அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காங்க, கேட்டா ஒத்துக்க மாட்டாங்க, சோத்தைக் கண்டா கை நிக்காதுன்னு. உங்களுக்கு மட்டும் வைக்காம விட்டா நாலு பேர் முன்னால உங்க மனசு கஷ்டப்படுமேன்னு, எங்க வீட்ல இன்னைக்கு யாருக்குமே உலை வைக்கல.”

உருட்டிய கவளம் இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. குழந்தைராஜ் மனைவியின் முகத்தையே பார்த்தார்.

“அத்தை, லைன்ல இருக்கீங்களா? வழியில எங்கயும் சோறு சாப்பிட்டுடலையே?”