நாலு சொம்பு

லாரியில் ஏற்றும்போது அந்தக் கட்டின் கயிறு அறுந்தது.

தாள்கள் என் காலடியில் கொட்டின. சித்தூரிலிருந்து திருத்தணிக்குப் போகிற தாள்கள். எல்லை பிரித்தாகிவிட்டது. நகரியைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊர் இனிமேல் மதராஸ் பக்கம். ஊர் போனால் ஊரைப் பற்றி எழுதினதும் கூடவே போகவேண்டுமாம்.

கட்டுகளின் மேல் எண் போட என்னிடம் ஒரு நீலப் பென்சில் கொடுத்திருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்களில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நாற்பது வயசுக்கு மேல் கற்றுக்கொண்ட எழுத்து.

பொறுக்கும்போது ஒரு தாளில் என் பேர்.

கன்னையா. பக்கத்தில் கட்டைவிரல் ரேகை. அதற்குப் பக்கத்தில் 4.

ரேகை வைத்த அன்றைக்கு அந்த 4 எனக்கு வெறும் கோணல் கோடு.

ஆறு வருஷம் ஆகிறது. சித்திரை மாசம், ஏரிக்கரையில் மண் வேலை. தண்ணி ஆபீசர் என்று ஒருத்தர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். தெலுங்கில்தான் பேசினார், எங்களுக்குப் புரியும்.

எங்கள் கிணற்றுத் தண்ணியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷ உப்பு இருக்கிறது என்றார். கொஞ்சமாய்க் குடித்தால் ஒன்றும் செய்யாது. நிறையக் குடித்தால் எலும்பில் போய் உட்காரும். எவ்வளவு வரைக்கும் இருக்கலாம் என்று சர்க்கார் ஒரு அளவு எழுதப்போகிறது. அளவைத் தாண்டின கிணற்றை மூடிவிட்டு மலையடியில் புதுக் கிணறு வெட்டித் தருவார்கள்.

அளவு எழுதுவதற்கு, ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறான் என்று தெரியவேண்டும். குறைவாகக் குடித்தால் உப்பு கொஞ்சம் கூடவே இருக்கலாம் என்று விடுவார்களாம்.

பித்தளைச் சொம்பு ஒன்றைத் தூக்கிக் காட்டி, எத்தனை என்று கேட்டார். வரிசையில் முதல் ஆள் நான்.

அவருக்குப் பின்னால் மேஸ்திரி நாகையா நின்றார்.

தண்ணிப் பானைப் பக்கம் போகிறவனைக் கண்ணாலேயே எண்ணுகிறவர் நாகையா. "இன்னாடா, வேலைக்கு வந்தியா, தண்ணி குடிக்க வந்தியா?" என்பார். அதிகம் போனவன் பேரை மறுநாள் கூப்பிடமாட்டார்.

என் வயிற்றில் அப்போதே எட்டு சொம்பு இருந்தது. கண்ணில் மறுநாள் கூலி நின்றது.

நாலு சொம்பு சாமி, என்றேன்.

நான் சொன்னதையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். செங்கம்மா நாலு. தாமோதரன் நாலு. தாமோதரன் குடிப்பதைப் பார்த்தால் மாடு தோற்றுப்போகும்.

கடைசியாக நின்ற என் வீட்டுக்காரி அம்சவேணி மட்டும் மண்கூடையை இறக்கி வைத்தாள்.

"பதினாலுன்னு எழுதிக்கோங்க சாமி. இந்த வெயில்ல மண்ணு தூக்கிக்கினு நாலு சொம்பு குடிச்சா ஒண்ணுக்குக்கூட வராது."

எல்லோரும் சிரித்தார்கள். நாகையா சிரிக்கவில்லை.

நான்தான் முன்னால் ஓடினேன்.

"அவளுக்குக் கணக்கு தெரியாது சாமி. நாலுன்னே போட்டுக்கோங்க."

ஆபீசர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுதினதை அடித்துவிட்டு நாலு என்று எழுதினார்.

அம்சவேணி நேராகப் பானையிடம் போய், நாகையா பார்க்கப் பார்க்க ரெண்டு சொம்பு மொண்டு குடித்துவிட்டு வந்து கூடையைத் தூக்கினாள்.

கொஞ்ச நாளில் அளவு வந்தது. எங்கள் கிணறு அந்த அளவுக்கு உள்ளேயே நின்றது, மயிரிழையில். சுவரில் சுண்ணாம்பால் வெள்ளை வட்டம் போட்டார்கள், குடிக்கலாம் என்று.

குடித்தோம்.

தாளில் அவள் வரி அப்படியே இருக்கிறது. 14. அதன்மேல் ஒரு அடி. பக்கத்தில் 4. மொத்தம் பதினெட்டு பேர், பதினெட்டு நாலு.

டிரைவர் ஆரன் அடித்தான்.

திருத்தணியில் வேறு ஆபீசர் இருப்பார். இதைப் பிரித்துப் பார்த்தாலும் பார்ப்பார். பார்க்காமலும் விடுவார். கிணற்றில் இன்னும் ஜனம் தண்ணி சேந்திக்கொண்டுதான் இருக்கிறது.

பென்சில் முனையை எச்சிலில் தொட்டேன்.

என்னுடைய 4-க்கு முன்னால் ஒரு கோடு, 14. செங்கம்மாவுக்கு ஒரு கோடு. தாமோதரனுக்கு ஒரு கோடு, கொஞ்சம் அழுத்தி. எழுதுவதிலேயே சுலபம் அதுதான்; எனக்கு முதலில் வந்ததும் அதுதான். ஊதா மைக்கு நடுவில் நீலக் கோடு தனியாகத் தெரிந்தது. தெரியட்டும்.

கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

அம்சவேணிக்கு முழங்கால் மடங்கிப்போய் ரெண்டு வருஷம். அந்தத் தண்ணி வேண்டாம் என்றுதான் அவளைத் தூக்கிக்கொண்டு சித்தூருக்கு வந்தேன். ஒண்ணுக்குப் போகவேண்டுமென்றாலும் நான் தூக்கவேண்டும். நான் மூட்டைக்கு வந்துவிட்டால் தூக்க ஆள் கிடையாது.

காலையில் அவள் தலைமாட்டில் பானையும் சொம்பும் வைத்துவிட்டு வருவேன். சாயங்காலம் போனதும் பானைக்குள் எட்டிப் பார்ப்பேன்.

நாலு சொம்புதான் குறைந்திருக்கும்.

அவள் வரியை அப்படியே விட்டுவிட்டுக் கட்டைக் கட்டினேன்.