பத்து மூட்டை உப்பு

"இன்னா முனிரத்தினம், வண்டிய இந்தப் பக்கம் ஓட்டறே? இது தோல் கிடங்குக்குப் போற வழியாச்சே!"

வண்டிக்குள் இருந்த சுந்தரமூர்த்தி தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

"வேற எங்க போவச் சொல்றீங்க சாமி? பஜார் பூரா அலைஞ்சாச்சு. அரை மூட்டை தேறல."

ஐப்பசி அடைமழை. உப்பு கசிகிற காலம் என்று வாணியம்பாடியில் எந்தக் கடைக்காரரும் இருப்பு வைக்கவில்லை. தோலைப் பதப்படுத்துகிற கிடங்கில் மட்டும்தான் மூட்டை மூட்டையாக உப்பு கிடக்கும். மடத்திலோ விடியற்காலையில் பெரியசாமி கண்ணை மூடிவிட்டார். சந்நியாசியை எரிக்கக் கூடாது. குழிக்குள் உட்கார்ந்த வாக்கில் இறக்கி, கழுத்துவரை உப்பைக் கொட்டி, பொழுது சாய்வதற்குள் மூடியாக வேண்டும். முதல் கூடையை, அடுத்துப் பட்டத்துக்கு வருகிற சீடன் தன் கையால் கொட்ட வேண்டும்.

அந்தச் சீடன் சுந்தரமூர்த்திதான்.

குழியில் தீட்டு விழுந்தால் கொட்டியவன் வருஷம் தாண்ட மாட்டான், மடத்துப் பரம்பரையே அற்றுப் போகும் என்பது அங்கே எல்லோரும் நம்புகிற விஷயம். அதிலும் பெரியசாமிக்குத் தோல் கிடங்கு என்றாலே ஆகாது. அங்கிருந்து காற்று வீசினால் சன்னலைச் சாத்தச் சொல்வார். சாத்தின கையோடு ஒரு முழுக்கும் போட்டுவிட்டு வருவார்.

அந்த மனிதரின் உடம்பு மேலேயா இந்த உப்பைக் கொட்டுவது?

கிடங்கு ஹலீமா பீயுடையது. புருஷன் போன பிறகு, திரைக்குப் பின்னால் இருந்தபடியே வியாபாரத்தைக் கவனிக்கிற மனுஷி.

"பெரியசாமி போய்ட்டாருன்னு சொன்னாங்க. பத்து மூட்டை போதுங்களா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

சுந்தரமூர்த்தி இன்னும் வாயே திறக்கவில்லை. இருந்த கிலியில் அது அவருக்கு உறைக்கவும் இல்லை.

"தோல்ல பட்ட உப்பா அம்மா?"

"பிரிக்காத மூட்டைங்க. ஆனா ஆட்டுத்தோல் பக்கத்துலதான் அடுக்கி இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

"யார்கிட்டயும் இதைப் பத்தி..."

"எனக்கு இன்னாத்துக்கு சாமி அந்தப் பேஜாரு? மழை ஜாஸ்தி ஆவறதுக்குள்ள ஏத்திக்கினு கெளம்புங்க."

மடத்து வாசலில் குடையோடு நின்றிருந்தார் ஜம்புலிங்க முதலியார். அப்பா காலத்திலிருந்து மடத்து நிர்வாகம் அவர் குடும்பத்துக் கையில்தான். செருப்பைத் தொட்ட கையால் விளக்கேற்றினான் என்று போன மாதம்தான் ஒரு பரிசாரகனை மழையில் துரத்தியவர்.

"உப்பு எங்கேருந்து தம்பி?"

"ஆ... ஆம்பூர்லேருந்து."

"ஆம்பூரா? சுருக்கா வந்துட்டீங்களே!"

சுந்தரமூர்த்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, மழை பெய்துகொண்டிருந்தது. வேர்வை எது, மழை எது என்று யாருக்கும் தெரியவில்லை.

குழியைச் சுற்றி ஊரே நின்று பதிகம் பாடியது. முதல் கூடையைத் தூக்கிக் கொண்டு அவர் குழி விளிம்புக்கு வந்தார்.

"கொஞ்சம் இருங்க."

முதலியார் கூடைக்குள் கையை விட்டுக் கிளறினார். கல் மண் பார்ப்பது வழக்கம்தான். கிளறிய கை சட்டென்று நின்றது. இரண்டு விரலால் எதையோ இழுத்து வெளியே எடுத்தார்.

கறுப்பாக, சுருண்டு, ஒரு கொத்து ஆட்டு மயிர்.

பாட்டு நின்றுவிட்டது. சுந்தரமூர்த்திக்கு அந்தக் குழியிலேயே தானும் இறங்கிவிடலாம் போலிருந்தது. பட்டம் போயிற்று. இனி ஊர் தன்னை அடித்தே விரட்டும். அப்படியே தப்பினாலும் வருஷம் தாண்டப் போவதில்லை.

"இன்னா மொதலியாரே அது?" என்று கூட்டத்தில் ஒருவர் கழுத்தை நீட்டினார்.

முதலியார் அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"தேங்கா நாரு. சாக்குல ஒட்டிக்கினு வந்திருக்குது. இதுக்குப் போய் பாட்ட நிறுத்துவாங்களா? நீங்க கொட்டுங்க சாமி."

சற்றுமுன் வாசலில்கூடத் தம்பி என்று கூப்பிட்டவர், முதல் தடவையாகச் சாமி என்றார்.

கொட்டினார். அடுத்து வந்த ஒவ்வொரு கூடையையும் முதலியாரே முன்னால் வாங்கிக் கிளறி அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் குழி மூடியாயிற்று.

கூட்டம் சாப்பிடப் போனதும் சுந்தரமூர்த்தியால் அடக்க முடியவில்லை. முதலியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

"அது நாரில்ல மொதலியார். நான் ஆம்பூருக்கும் போகல."

"தெரியும்."

"பெரியசாமி அந்தப் பக்கத்துக் காத்தக்கூட உள்ள விட மாட்டாரே! அவருக்குப் போய் இந்தப் பாவத்தப் பண்ணிட்டேன். நான் வருஷம் தாண்ட மாட்டேன்."

முதலியார் நாலு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அடைமழையில ஒரே நாள்ல பத்து மூட்டை உப்பு, இந்த ஊர்ல வேற எங்க சாமி கெடைக்கும்? பெரியசாமி அவரோட குருவுக்குக் கொட்டன அன்னிக்கும் இதே மழைதான். அன்னிக்கும் இதே தேங்கா நாரு வந்துச்சு. எங்கப்பா பொறுக்கினாரு, நான் பக்கத்துல நின்னேன். அதுக்கப்பறம் பெரியசாமி நாப்பது வருஷம் இருந்தாரு. பயத்துல சன்னலச் சாத்திக்கினதத் தவிர அவருக்கு வேற ஒண்ணும் ஆவல."

மடியில் முடிந்திருந்த மயிர்க்கொத்தை எடுத்து மழைத்தண்ணீரில் விட்டார்.

"நீங்களாவது தொறந்து வைங்க."