கல்வெட்டில் கன்ட்றிப் பாட்டு

"அம்மா, கல்வெட்டிலை தேவாரம் போடுவினம், திருவாசகம் போடுவினம். உதென்ன, அமெரிக்காக்காரன்ரை பாட்டுச் சரித்திரம்?"

கஜீவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுன்னாகத்தில் அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ கல்வெட்டு அடித்துவிட்டான். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டியன்று பந்தியில் சாப்பிட்டு எழும்புகிறவர்கள் கையில் கொடுக்கும் அந்த நினைவுப் புத்தகத்தில், கிட்டார் படம் போடச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

"தேவாரத்துக்குப் பிறகு நாலு பக்கம், தம்பி. கன்ட்றி மியூசிக். அவருக்கு எண்டால் அதுதான் உயிர்," என்றார் உடுவிலிலிருந்து வந்திருந்த குணலட்சுமி. "பதினாறு வயசிலை றேடியோவிலை கேட்டுப் பிடிச்ச விசர். தோட்டத்துக்கு இறைக்கப் போனாலும் அந்தக் கௌபோய்த் தொப்பியோடைதான்."

"சனம் சிரிக்குமெல்லோ அம்மா?"

"சிரிக்கட்டுமன். நாலு பக்கமும் இல்லையெண்டால் எனக்கு உந்தக் கல்வெட்டே வேண்டாம். எல்லாற்றை வீட்டிலையும் போல அலுமாரிக்கு மேலை தூசி பிடிச்சுக் கிடக்கும். இதை ஒருத்தராவது விரிச்சு வாசிக்கவேணும்."

பாவம், மனுசனைப் பறிகொடுத்தவ, என்னத்தைச் சொல்லி மறுக்கிறது! கஜீவன் மனம் இளகி, குணலட்சுமி எழுதிக் கொண்டுவந்த கொப்பியைப் பார்த்து அடிக்கத் தொடங்கினான். 1922இல் முதல் இசைத்தட்டு. 1927இல் பிறிஸ்டல் என்ற ஊரில், ஒரு பழைய தொப்பிக் கொம்பனிக் கட்டடத்தில் நடந்த பெரிய ஒலிப்பதிவு. அடுத்த வரியில் நின்றான்.

"நாஷ்வில் றேடியோவிலை சனிக்கிழமைக் கச்சேரி தொடங்கினது 1935 எண்டு எழுதியிருக்கிறியள். கூகிளிலை 1925 எண்டெல்லோ கிடக்கு?"

"ஓம், 1925தான். நாப்பது வருசமாக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

"அப்ப மாத்திறன்."

"ஐயோ, மாத்திப்போடாதை! 1935 எண்டே அடி."

"பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு அடிச்சால் என்ரை அச்சகத்தின்ரை பேரெல்லோ நாறும்?"

"உன்ரை பேரைப் போடாமல் விடு. பிழை கட்டாயம் கிடக்கவேணும்."

காலங்காத்தாலை ஆற்றை முகத்திலை முழிச்சனோ என்று கஜீவன் தலையைச் சொறிந்தான். "சரி, ஐயாவின்ரை படத்தைத் தாங்கோ. காலமான திகதியையும் சொல்லுங்கோ."

குணலட்சுமி கைப்பையைத் திறந்து படத்தை எடுத்து மேசையில் வைத்தார். பட்டுச் சேலை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது குணலட்சுமியேதான்.

"திகதியை வெறுமையா விடு, தம்பி. டொக்டர்மார் தைப்பொங்கல் மட்டும்தான் நான் தாங்குவன் எண்டு சொல்லினம். நான் போனால் அந்த மனுசன் தின்னாமல் குடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அந்தப் பிழையைக் கண்டாலாவது, 'விசரி, இது கூடத் தெரியாதோ உனக்கு?' எண்டு ஏசிக்கொண்டு எழும்பிப் பேனை தேடுவார்."