நின்றுபோன வணக்கம்

இனி இந்தக் குடும்பத்துக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று முடிவு கட்டி, தட்சிணாமூர்த்தி செல்போனை அணைத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

பின்னே என்ன? குடும்பத்துக்கே மூத்தவர். பொழுது விடிந்ததும் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூப் படத்தோடு 'காலை வணக்கம்' போடுவது அவர் வழக்கம். ஒரு நாள் தவறியதில்லை. ஒரு பயல் பதில் போட்டதுமில்லை. பெற்ற மகள் எழிலரசிகூட!

போன ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமிலிருந்து வந்த அவளிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார். "போனைப் பாக்கக்கூட நேரமில்லாம, ஆபீஸ்ல அப்படி என்னம்மா வேலை?"

"கிளவுட்லப்பா. பெரிய சாஃப்ட்வேரைச் சின்னச் சின்னதாப் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் ஒரு கன்டெய்னர்ல ஓட விடுவோம்."

"பூந்தமல்லி ரோட்டுல லாரி இழுத்துட்டுப் போகுமே, அதுவா?"

"ஐயோ அப்பா! இது கம்ப்யூட்டருக்குள்ள. ஒவ்வொண்ணும் 'நான் ஓடிட்டிருக்கேன்'னு சிக்னல் குடுத்துட்டே இருக்கும். சிக்னல் நின்னா, நான் தூங்கிட்டிருந்தாலும் மாத்து ஏற்பாடு தானா கிளம்பிடும். அப்படி டிசைன் பண்றதுதான் என் வேலை."

"எந்திரம்கூட வேளாவேளைக்கு வணக்கம் வைக்குது. மனுஷன் வெச்சாத்தான் மதிப்பில்ல."

அவள் சிரித்துவிட்டு, "எங்க வீட்டுக்கே வந்துடுங்கப்பா" என்று வழக்கம்போல் கெஞ்சினாள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்க் கை நனைப்பதா? முகப்பேர் ஃபிளாட்டில் தனியாக இருந்தாலும் தட்சிணாமூர்த்தி நிமிர்ந்துதான் இருப்பார்.

ஆகவே, இன்று வணக்கம் கிடையாது. எவனுக்காவது அக்கறை இருந்தால் தேடி வந்து கேட்கட்டும்.

இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது காலிங் பெல் அடித்தது. பனியனோடு போய்க் கதவைத் திறக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கை கழுவி, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டி, நிதானமாகப் பொத்தான் போட்டார். அதற்குள் கதவு இடிபடத் தொடங்கியது.

"தள்ளிக்கமா, ஒரே போடு, ஒடச்சிடறேன்!"

திறந்தார். கடப்பாரையை ஓங்கியபடி வாட்ச்மேன் துலுக்கானம். பக்கத்து ஃபிளாட் சபீனா. அவள் பின்னால், ஒரு கன்னத்தில் மட்டும் சவர நுரையோடு, திருமுல்லைவாயிலிலிருந்து பைக்கில் பறந்து வந்த தம்பி மகன் நிர்மல். கீழே, ஆஸ்பத்திரிக்குப் பறக்கத் தயாராக ஆட்டோ ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"இன்னா சாரே, சோக்கா சட்டை போட்டுகினு நிக்கறே! நாங்க இன்னாமோ ஏதோன்னு பதறிகினு வரோம்!"

"என்னடா இது கூத்து? மாடி முழுக்க வேடிக்கை பாக்குது!"

"ஏன் பெரியப்பா இன்னைக்கு வணக்கம் போடல?" நிர்மலுக்கு மூச்சு வாங்கியது.

"போட்டப்ப ஒரு நாளாவது பாத்தியாடா நீ? உன் அக்காதான் பாத்தாளா?"

சபீனா தன் போனை நீட்டினாள். ஸ்பீக்கரில் எழிலரசி, அழுகையும் சிரிப்புமாக:

"வந்தா எதுக்குப்பா பாக்கணும்? வரலைன்னாத்தானே ஓடி வரணும்!"