ஜெருசலேம் படிக்கட்டு

"ஜெருசலேமுக்கெல்லாம் போயிட்டு வந்தீங்களாமா? சொல்லுங்க அம்மணி, கேக்கறேன்," என்றார் அப்துல் நாசர்.

ஜாஹிதா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கோவை கணபதிப் பகுதியில் கரண்ட் போயிருந்தது. எதிர்ப்புற லேத் பட்டறையின் இரைச்சல் இல்லாததால் பேச வசதியாக இருந்தது.

"ஆமாங்க. கோயமுத்தூர்ல இருந்து ஒரு குழுவாப் போனோம். நானும் எங்க ஊட்டுக்காரரும்."

"பைத்துல் முகத்தஸ் பள்ளியில ஒருக்காவாவது தொழுவோணும்னு எனக்கும் ஆசைங்க. நீங்க குடுத்து வெச்சவங்க."

"அவருக்கும் கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதே பேச்சுத்தானுங்க. அங்க எங்களுக்கு ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் கெடச்சுது. ஜும்ஆத் தொழுகைக்கு எல்லாரும் வெள்ளனே கெளம்பிட்டோம். பழைய ஊருக்குள்ள சந்து சந்தாக் கல்லுப் படிக்கட்டு. பாதியிலயே என் முட்டி புடிச்சுக்கிச்சு. ஒரு அடி எடுத்து வெக்க முடியல."

"அடடா. அப்புறம்?"

"நீங்க போங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்னு அவருகிட்டச் சொன்னேன். கேக்கல. கூட வந்தவங்களை முன்னால அனுப்பிப்போட்டு, எம்பக்கத்துல படியிலயே உக்காந்துட்டாரு."

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்ப யூதருங்க கூட்டம் ஒண்ணு வந்துச்சுங்க. வேற ஏதோ நாட்டுல இருந்து குழுவா வந்த வயசானவங்க. அவங்க கும்புடற அழுகைச் செவுத்துக்குப் போறவங்க, நாங்க பள்ளிக்குப் போறவங்க. அதுல ஒரு அம்மா என்னையப் பாத்ததும், தன் முட்டியத் தட்டிக் காட்டிச் சிரிச்சுட்டு, பொத்துனு எம்பக்கத்துல உக்காந்துட்டாங்க. பாஷை தெரியாது. பையில இருந்து தைலத்தை எடுத்து என் கையில வெச்சாங்க. அந்தம்மாவோட ஊட்டுக்காரர் எங்க ஊட்டுக்காரரைப் பாத்துக் கையை விரிச்சாரு. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டாங்க. அதுக்குள்ள பாங்கு சத்தம் கேட்டுது. அவரு எந்திரிக்கவே இல்லீங்க."

நாசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அத்தனை தூரம் போயி, ஜும்ஆவை விட்டுட்டாரா?"

"விட்டுட்டாருங்க. என்னாலதானேன்னு நான் அழுதுட்டேன். இந்தப் படியில உக்காந்து வேண்டிக் கேட்டாலும் அல்லாஹ்வுக்குக் கேக்கும், நீ அழுவாதன்னாரு. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டுனதில்லீங்க."

நாசர் சற்று யோசித்தார். "பொய் சொல்லக்கூடாது அம்மணி. நானா இருந்தா உங்களை விட்டுப்போட்டுப் போயிருப்பேன். அவரு பெரிய மனுசருங்க."

ஜாஹிதா சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவருகிட்ட நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"இல்லீங்க. கட்டுன புருசனுக்கு என்ன நன்றின்னு விட்டுட்டேன்."

"அது தப்புங்க. ஊட்டுக்குப் போனதும் மொத வேலையாச் சொல்லிப்போடுங்க."

சமையலறையிலிருந்து மருமகள் ரம்ஷா எட்டிப் பார்த்தாள். "மாமி, மாமாவோட மறதி மாத்திரைய எடுத்தாரட்டுங்களா?"

"செத்த இரு கண்ணு," என்ற ஜாஹிதா, தன் கணவரின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க."

அப்துல் நாசர் கூச்சத்தோடு கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "எனக்கெதுக்குங்க அம்மணி? அவருகிட்டத்தானுங்க சொல்லோணும்."