சிவப்புக் கோடு

உறைந்த ஏரியில் துளையிட்டு, கிருபாகரன் காலையிலிருந்து தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மனைவி வதனி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவன் புதிதாக வாங்கிய சோனார் கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, மீனைத் திரையில் சிவப்புக் கோடாகக் காட்டியது. கோடு ஒவ்வொரு தடவையும் இரை வரை ஏறி வந்தது. கடிக்காமலே திரும்பிப் போனது.

“அந்தச் சத்தம்தான் மீனைக் கலைக்குது. நிப்பாட்டுங்கோப்பா,” என்றாள் வதனி.

“மீனுக்கு இது கேக்காது. கடைக்காரனே சொன்னவன்.”

“அவன் விக்கிறவன், அப்பிடித்தான் சொல்லுவான். ஒருக்கா நான் சொல்லுறதையும் கேளுங்கோவன்.”

அவன் வேண்டாவெறுப்பாக அணைத்தான். திரை கறுத்ததும், கீழே மீன் இருக்கிறதா போய்விட்டதா என்று ஒன்றும் தெரியவில்லை. அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வதனி தூண்டில் நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூல் மெல்ல அசைந்தது.

“பொறுங்கோ,” என்று அவள் அவன் கையைப் பிடித்தாள். மீனா, காற்றா? அவன் கையை உதறிக்கொண்டு கருவியை மறுபடி இயக்கினான். சிவப்புக் கோடு இரையை ஒட்டி நின்றது. அடுத்த கணமே கீழே இறங்கி மறைந்தது.

வதனி எழுந்து கரையை நோக்கி நடந்தாள்.

“அது தானாத்தான் போனது!” என்று அவன் பின்னாலிருந்து கத்தினான்.

அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.