திறக்கக்கூடாத ஸ்பேம் பெட்டி

டென்மார்க்கிலிருந்து ஆர்டர் வராவிட்டால் திங்கள்கிழமை முதல் தையல்காரப் பெண்களுக்கு வேலை இல்லை என்று முதலாளி மயில்சாமி சொல்லிவிட்டார். பெண்களின் உள்ளாடை தைக்கும் பனியன் கம்பெனி அது. மெயிலில் மற்ற இடமெல்லாம் தேடியாயிற்று; ஸ்பேம் பெட்டியை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஆபாச மெயில்கள் போய்ச் சேரும் அந்த இடத்தைப் பெண்கள் தொடக்கூடாது. பெண்கள் எதிரில் திறக்க ஆண்களுக்குக் கூச்சம். கணினி முன் உட்கார்ந்து மெயில் பார்க்கும் கோகிலவாணி அதன்மேல் அம்புக்குறியை வைத்தாள்.

"அம்மிணி, அது கண்றாவி புடிச்ச எடம். தொடாத," என்றார் மயில்சாமி.

"நீ தெறந்து பாரு கண்ணு," என்றாள் மெஷினிலிருந்து ருக்குமணியக்கா. "அதுல இருக்கறவளுகளும் நாம தைக்கறதைப் போட்டுட்டுத்தான நிப்பாளுக."

சிரிப்புக்கு நடுவே பெட்டி திறந்தது. அசிங்கங்களின் இடையே டென்மார்க் இருந்தது. பல கம்பெனிகளுக்குப் பொதுவான சர்வரின் வடிகட்டி, சரக்கின் பெயர்களைப் பார்த்து அதையும் ஆபாசமென்று ஒதுக்கியிருந்தது. அந்த முகவரியை இனி ஒருபோதும் தடுக்காதபடி அவள் மாற்றி வைத்தாள்.

"என்ன கேட்டிருக்கான்?" மயில்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

கோகிலவாணி எழுந்து நின்றாள். ஆண்கள் 'அயிட்டம்' என்றே சொல்லிவந்ததை, பிரா என்றும் ஜட்டி என்றும், அளவும் நிறமும் சேர்த்து, கடைசி மெஷின்வரை கேட்கும்படி வாசிக்கத் தொடங்கினாள்.